டிஸ்க் இல்லாத கணினிக்கு எந்த பூட் மென்பொருள்?

பத்து வருடம் ஓடிய ஆய்வகக் கணினியைத் திறந்து பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும், மெமரி நன்றாக இருக்கும், நெட்வொர்க்கும் வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். முப்பது கணினிக்கும் புது எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது ஒரு வழி. இன்றைய விலையில் அது தப்பான வழியும் இல்லை. ஆனால் முப்பது டிஸ்க் என்றால் முப்பது இடத்தில் அப்டேட் செய்ய வேண்டும், மாணவர்கள் மாற்றிவைத்த செட்டிங்ஸை முப்பது இடத்தில் சரிசெய்ய வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எல்லாக் கணினியையும் ஒரே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக பூட் செய்தால், சர்வரில் ஒருமுறை நிறுவிய மென்பொருள் மறுநாள் காலை முப்பது திரையிலும் இருக்கும். டிஸ்க் விலையை மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்காதீர்கள். பராமரிப்புச் சுமையைக் குறைக்க இறங்குங்கள், பலன் நிச்சயம் உண்டு.

இதற்குத் தேவையான மென்பொருள் அத்தனையும் இலவசமாக, மூல நிரலோடு கிடைக்கிறது. எதையும் திருத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம். அதனால்தான் தேர்வு குழப்புகிறது. பிஎக்ஸ்இலினக்ஸ், ஐபிஎக்ஸ்இ, கிரப், எல்டிஎஸ்பி, டிஆர்பிஎல் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்று இன்னொன்றுக்கு மாற்றா, துணையா என்பதே பலருக்குத் தெளிவாக இல்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். உங்கள் இடத்துக்கேற்ப அந்த மென்பொருளில் ஏதாவது மாற்றம் செய்தே ஆக வேண்டும். சர்வர் முகவரி, மெனு, எந்தக் கணினிக்கு எந்த இமேஜ் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்த மாற்றம் எங்கே உட்காரப் போகிறது என்று பாருங்கள். சர்வரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் உட்காருமானால் அதையே எடுங்கள். மூல நிரலைத் திருத்தி கம்பைல் செய்ய வேண்டும் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேளுங்கள். கணினியிலுள்ள சிப்பிலேயே எழுத வேண்டும் என்றால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். இப்படி அமைத்த ஆய்வகம் பல வருடம் ஓடும். அமைத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அடுத்து வருபவர் திறந்து படிக்கக்கூடிய இடத்தில் மாற்றம் இருக்க வேண்டும்.

ஆன் செய்ததும் நடப்பது

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன், என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கணினியை ஆன் செய்ததும், நெட்வொர்க் வழியாக பூட் செய்வதற்காகக் கார்டிலேயே இருக்கும் பிஎக்ஸ்இ நிரல் ஓடத் தொடங்குகிறது. இன்டெல் 1999 செப்டம்பரில் வெளியிட்ட 2.1 வரையறையைத்தான் பயாஸ் கணினிகள் பின்பற்றுகின்றன. ‘நான் பிஎக்ஸ்இ கிளையன்ட், எனக்கு முகவரி வேண்டும்’ என்று அது நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கிறது. ஐபி முகவரி என்ன, பூட் ஃபைல் எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் என்ன என்ற மூன்றையும் டிஎச்சிபி சர்வர் சொல்ல வேண்டும். சொன்னதும் கணினி டிஎஃப்டிபி வழியாக, யுடிபி 69-ஆம் போர்ட்டில் கேட்டு, அந்த ஃபைலை இறக்கி மெமரியில் வைத்து ஓட்டுகிறது. அந்த ஃபைல்தான் நாம் தேர்ந்தெடுக்கப்போகும் பூட் லோடர். அது கெர்னலையும், கெர்னல் எழத் தேவையான ஃபைல்களின் தொகுப்பான இனிட்ஆர்டியையும் கொண்டுவருகிறது. கெர்னல் எழுந்ததும் ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் தேடுகிறது.

ஆக, இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. கெர்னலைக் கொண்டுவருவது எது? கெர்னல் வந்தபின் ரூட் எங்கிருந்து வரும்? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘எல்டிஎஸ்பியா ஐபிஎக்ஸ்இயா’ போன்ற கேள்விகள் எழுகின்றன. இன்றைய எல்டிஎஸ்பி ஐபிஎக்ஸ்இயைத் தனக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது.

இந்த நடைமுறைக்கு வயது நாற்பது. டிஎச்சிபிக்கு முன்னோடியான பூட்பி, 1985 செப்டம்பரில் ஆர்எஃப்சி 951 ஆக வந்தது. எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும். சன் நிறுவனம் அப்போது டிஸ்க் இல்லாத பணிநிலையங்களை விற்றுக்கொண்டிருந்தது. பொதுவுடைமையாக விடப்பட்ட டார் நிரலை எழுதியவரும் இதே கில்மோர்தான். குனு டார் அதிலிருந்து வளர்ந்தது. டிஸ்க் இல்லாத கணினிக்கான ரூட் ஃபோல்டரை சர்வரில் விரிக்கும்போது நாம் தட்டும் கட்டளை அது.

ஐபிஎக்ஸ்இயின் கதையும் இதைப்போன்றதே. மார்ட்டின் ரென்டர்ஸ் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதிய, 1993 டிசம்பர் என்று தேதியிட்ட ஒரு சிறிய பூட்பி, டிஎஃப்டிபி நிரல்தான் அதன் வேர். அதை மார்க்கஸ் குட்ஷ்கே லினக்ஸுக்காக மாற்றினார். எதர்பூட் பிறந்தது. கென் யாப்பும் பிறரும் வளர்த்தார்கள். பிறகு ஜிபிஎக்ஸ்இ ஆகி, 2010-இல் மைக்கேல் பிரவுன் கைகளில் ஐபிஎக்ஸ்இ ஆயிற்று. ஒருவர் எழுதி விட்டுச்சென்றதை இன்னொருவர் எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை இல்லாவிட்டால் இந்தச் சங்கிலி இரண்டாவது கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

எதர்பூட் காலத்து வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பது தேர்வுக்கு உதவும். ரியல்டெக் 8139 போன்ற நெட்வொர்க் கார்டுகளில் ஓரமாக ஒரு காலி சாக்கெட் இருக்கும். பூட் நிரலை ஈப்ரோம் சிப்பில் எழுதி அதில் செருக வேண்டும். நிரலில் ஒரு வரி மாறினால் சிப்பைக் கழற்றி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்து, மறுபடி எழுதிச் செருக வேண்டும். முப்பது கணினி என்றால் முப்பது சிப். சிப்பில் எழுதாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த அனுபவமுள்ள தலைமுறைதான் சாட்சி. இன்று ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் பிஎக்ஸ்இ இருப்பதால், அதையே படிக்கட்டாக வைத்து நமக்கு வேண்டிய லோடரை சர்வரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

பிஎக்ஸ்இலினக்ஸ்: எளிமை வேண்டுமென்றால்

எச். பீட்டர் ஆன்வின் தொடங்கிய சிஸ்லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது இது. நிறுவுவது மிக எளிது. லோடர் ஃபைலை டிஎஃப்டிபி ஃபோல்டரில் போட்டு, பக்கத்தில் ஒரு கான்ஃபிக் ஃபோல்டர் வைத்தால் போதும். கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

இதன் அழகு, கான்ஃபிக் ஃபைலைத் தேடும் முறையில் இருக்கிறது. 192.168.1.25 என்ற முகவரி பெற்ற கணினி, முதலில் தன் யுயுஐடி பெயரில் ஃபைல் தேடும். இல்லையென்றால், தன் மேக் முகவரியின் முன்னால் 01 சேர்த்த பெயரில் தேடும். அதுவும் இல்லையென்றால் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக்கி சி0ஏ80119 என்று தேடும். பிறகு கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக உதிர்த்து சி0ஏ8011, சி0ஏ801 என்று இறங்கிவந்து, கடைசியில் டிஃபால்ட் என்ற ஃபைலைத் திறக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒரு டிஃபால்ட், ஆசிரியர் மேசைக் கணினிக்கு மட்டும் மேக் முகவரியில் தனி ஃபைல் என்று வைத்துவிட்டால் முடிந்தது. தகவல் தளம், ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே யாருக்கும் புரியும். என் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் வேகம் இடிக்கிறது. டிஎஃப்டிபி அடிப்படையில் 512 பைட் துண்டாக அனுப்பும். ஒரு துண்டு கிடைத்தது என்று பதில் வந்தபிறகே அடுத்த துண்டு போகும். போய் வர 1 மில்லி நொடி என்று வைத்தால் நொடிக்கு 1,000 துண்டு, அதாவது அரை எம்பி. 60 எம்பி இனிட்ஆர்டி வந்துசேர 2 நிமிடம் ஆகும். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2348 துண்டின் அளவைப் பெரிதாக்க வழி செய்தது. 1,468 பைட் துண்டாக வந்தால் அதே ஃபைலுக்கு சுமார் 40 நொடி. துண்டு எண் 16 பிட் என்பதால், 512 பைட் துண்டில் 32 எம்பியைத் தாண்டும்போது எண்ணைச் சுழற்றத் தெரியாத பழைய சர்வர்கள் நின்றேவிடும். அதே 60 எம்பி எச்டிடிபி வழியாக 100 மெகாபிட் இணைப்பில் ஐந்தாறு நொடியில் வந்துவிடும். எல்பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற மாற்று ஃபைலுக்கு எச்டிடிபி தெரியும் என்பதால் பிஎக்ஸ்இலினக்ஸ்காரர்கள் அதையே போடுவது நல்லது.

இன்னொரு குறையும் உண்டு. 2014-இல் வந்த 6.03-க்குப் பிறகு நிலையான வெளியீடு இல்லை. யுஇஎஃப்ஐ கணினிகளில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயாஸ் மட்டும் உள்ள பழைய கணினிகளாகவே இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ஐபிஎக்ஸ்இ: பெரும்பாலோருக்கு இதுதான்

புதிதும் பழையதும் கலந்த ஆய்வகத்துக்கு என் தேர்வு ஐபிஎக்ஸ்இ. கார்டிலுள்ள பிஎக்ஸ்இ முதலில் சிறிய ஐபிஎக்ஸ்இ ஃபைலை டிஎஃப்டிபி வழியாக இறக்கும். அதற்குப் பிறகு எல்லாம் எச்டிடிபி. சர்வரில் ஒரு சாதாரண வெப் சர்வர் போதும். ஐஸ்கஸி, ஏஓஇ போன்ற வழிகளில் தொலைவிலுள்ள டிஸ்க்கைத் தன் டிஸ்க் போலவே காட்டி பூட் செய்யவும் தெரியும். ஒரு கணினியில் விண்டோஸ் தேவைப்பட்டால் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

இதற்குச் சின்ன ஸ்கிரிப்ட் மொழி ஒன்று உண்டு. மெனு காட்டலாம், நேரம் முடிந்தால் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், கணினியின் மேக் முகவரியை மாறியாக எடுத்து சர்வரிடம் அனுப்பலாம். சர்வர் அதைப் பார்த்து அந்தக் கணினிக்கேற்ற ஸ்கிரிப்டைத் திருப்பி அனுப்பும். ஆய்வகத்தின் மொத்தப் புத்தியும் சர்வரில் உள்ள டெக்ஸ்ட் ஃபைலுக்கு வந்துவிடுகிறது.

எல்லோரையும் முதல் நாள் மடக்கும் சுழல் ஒன்று இருக்கிறது. ஐபிஎக்ஸ்இ ஏறியதும் தானும் டிஎச்சிபியிடம் முகவரி கேட்கும். டிஎச்சிபி பழைய பழக்கத்தில் ‘பூட் ஃபைல் ஐபிஎக்ஸ்இ’ என்றே சொல்லும். ஐபிஎக்ஸ்இ மறுபடி ஐபிஎக்ஸ்இயை ஏற்றும், அது மறுபடி கேட்கும். திரையில் ஒரே வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தீர்க்க இரண்டு வழி. கேட்பவர் டிஎச்சிபியின் 77-ஆம் ஆப்ஷனில் ஐபிஎக்ஸ்இ என்று சொன்னால் பூட் ஃபைலுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் முகவரியைக் கொடு என்று டிஎச்சிபி சர்வரில் எழுதலாம். அல்லது, கம்பைல் செய்யும்போது ஒரு ஸ்கிரிப்டை ஐபிஎக்ஸ்இக்குள்ளேயே பொதித்துவிடலாம்.

முதல் வழி முடிந்தால் முதல் வழியே நல்லது. ஆனால் டிஎச்சிபி உங்கள் கையில் இல்லாத இடங்கள் உண்டு. கல்லூரியின் ஐடி பிரிவு அதைத் தொட விடாது, அல்லது இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அந்த வசதியே இருக்காது. அங்கே பொதிப்பதுதான் வழி. பொதிக்கும் ஸ்கிரிப்டை முடிந்தவரை சின்னதாக வையுங்கள்: முகவரி வாங்கு, இந்த சர்வரிலிருந்து பெரிய ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டு. இரண்டு மூன்று வரி. சர்வரை எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் குறிப்பிட்டால் நாளை சர்வர் முகவரி மாறினாலும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.

மூல நிரலைத் தொட்டே ஆக வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. எச்டிடிபிஎஸ்ஸை இயக்குவது, என்எஃப்எஸ்ஸைச் சேர்ப்பது, உங்கள் நிறுவனத்தின் சான்றிதழை மட்டும் நம்பச் சொல்வது போன்றவை. இதற்கு ஐபிஎக்ஸ்இயில் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கான்ஃபிக் ஃபோல்டருக்குள் லோக்கல் என்று தனி ஃபோல்டர் உண்டு. பொது அமைப்பு ஃபைல்களைத் தொடாமல், உங்கள் மாற்றங்களை மட்டும் அதே பெயரிலான ஃபைல்களில் லோக்கல் ஃபோல்டரில் எழுதலாம். அடுத்த பதிப்பு வரும்போது மூல நிரலை மட்டும் புதுப்பித்து மறுபடி கம்பைல் செய்தால் உங்கள் மாற்றம் அப்படியே இருக்கும். பொதுவில் கிடைக்கும் மென்பொருளை நம் இடத்துக்கு மாற்றிக்கொள்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த லோக்கல் ஃபோல்டரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நூறு இடத்தில் நிரலைத் திருத்தி வைத்தவர்கள் அடுத்த பதிப்புக்கு நகரவே முடியாமல் பழையதிலேயே தங்கிவிடுகிறார்கள். பூட் மென்பொருளில் அது பாதுகாப்புப் பிரச்சினையும் கூட.

எந்த ஃபைலை எடுப்பது என்பதும் குழப்பும். பயாஸ் கணினிக்கு அன்டிஒன்லி என்று தொடங்கும் ஃபைல். அது கார்டின் சொந்த டிரைவரையே பயன்படுத்திக்கொள்வதால் எந்தக் கார்டோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும். யுஇஎஃப்ஐ கணினிக்கு எஸ்என்பிஒன்லி என்ற ஃபைல் அதே வேலையைச் செய்யும். கணினி எந்த வகை என்பதை டிஎச்சிபியின் 93-ஆம் ஆப்ஷன் சொல்லும்: பயாஸ் என்றால் 0, 64 பிட் யுஇஎஃப்ஐ என்றால் பொதுவாக 7. டிஎச்சிபி சர்வர் அதைப் பார்த்து ஃபைல் பெயரை மாற்றிக் கொடுத்தால் இரு வகையும் ஒரே அறையில் ஓடும்.

செக்யூர் பூட் கட்டாயம் என்றால் கிரப்

நீங்களே கம்பைல் செய்த ஐபிஎக்ஸ்இக்குக் கணினி நம்பும் கையொப்பம் இருக்காது. செக்யூர் பூட் இயங்கும் கணினி அதை ஏற்காது. அதை அணைக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால் அணைத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் டெபியன், உபுன்டு தரும் கையொப்பமிட்ட ஷிம், கிரப் ஜோடிதான் நேர்வழி. கையொப்பம் பெற்ற பைனரியில் ஒரு பைட் மாற்றினாலும் கையொப்பம் செல்லாது. உங்கள் மாற்றம் முழுவதும் கிரப்பின் கான்ஃபிக் ஃபைலில்தான் இருந்தாக வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை, நல்ல கட்டுப்பாடாகவே தெரிகிறது. மேக் முகவரியை மாறியாக வைத்துக் கணினிக்கொரு கான்ஃபிக் எழுத இதிலும் முடியும்.

2015-இல் வந்த யுஇஎஃப்ஐ 2.5 வரையறை, டிஎஃப்டிபியே இல்லாமல் ஃபர்ம்வேரிலிருந்து நேராக எச்டிடிபியில் பூட் செய்ய வழி வைத்தது. எல்லாமே புதிய, ஒரே மாடல் கணினியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். கலந்த கணினிகளில் ஒவ்வொரு ஃபர்ம்வேரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ரூட் எங்கிருந்து வரும்

பழைய, நம்பகமான வழி என்எஃப்எஸ். சர்வரில் ஒரு ஃபோல்டரில் முழு லினக்ஸை விரித்து, கெர்னலுக்கு ‘உன் ரூட் இங்கே’ என்று சொல்வது. இதற்கான கெர்னல் ஆவணத்தை 1996-இல் எழுதியவர் கெரோ குல்மன். அடிப்படை முறை இன்றும் அதேதான். நன்மை: சர்வரில் ஒரு ஃபைலை மாற்றினால் உடனே எல்லா இடத்திலும் மாறும். கேடும் அதுவே. வகுப்பு நடக்கும்போது சர்வரில் ஒரு லைப்ரரியை அப்டேட் செய்தால் முப்பது கணினியும் ஒன்றாகத் தடுமாறும்.

அதனால் ரூட்டை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற அமுக்கிய ஒற்றை ஃபைலாக்கி, அதைப் படிக்க மட்டும் கொடுத்து, எழுதுவதெல்லாம் மெமரியில் போகும்படி மேலே ஒரு அடுக்கு வைப்பதே இன்று நல்ல வழி. அந்த அடுக்கைத் தரும் ஓவர்லேஎஃப்எஸ் 2014 இறுதியில் கெர்னல் 3.18-இலேயே சேர்ந்துவிட்டதால் இதற்கெனத் தனி ஒட்டுவேலை வேண்டாம். மாணவர் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் காணாமல் போகும். புது இமேஜ் தயாரானால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை வந்தால் ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றிப் பழையதற்கே திரும்பலாம். மாணவர்களின் சொந்த ஃபைல்கள் மட்டும் சர்வரில் ஹோம் ஃபோல்டரில் இருக்கட்டும்.

இதையெல்லாம் கையால் கட்டலாம். கட்ட நேரமில்லாதவருக்கு எல்டிஎஸ்பி. ஜிம் மெக்குவிலன் 1999-இல் தொடங்கிய திட்டம். அந்நாளில் மெலிந்த கிளையன்ட்: நிரல் முழுவதும் சர்வரில் ஓடும், மாணவர் முன்னால் திரையும் விசைப்பலகையும் மட்டும். சர்வர் பெரிதாக இருக்க வேண்டும். 2019-இல் கிரேக்கப் பள்ளிகளில் பணியாற்றிய அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ் இதை முழுவதுமாகத் திரும்ப எழுதினார். இப்போது நிரல்கள் மாணவர் கணினியிலேயே ஓடுகின்றன. சர்வர் ஃபைல்களைக் கொடுத்தால் போதும். சர்வரில் உங்களுக்கு வேண்டியபடி லினக்ஸை அமைத்துவிட்டு ஒரு கட்டளை தட்டினால் அந்த சர்வரே இமேஜாகிவிடும். டிஎச்சிபி, டிஎஃப்டிபி சேவை தரும் டிஎன்எஸ்மாஸ்க், ஐபிஎக்ஸ்இ மெனு, என்எஃப்எஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை. மாற்றங்கள் ஒரே கான்ஃபிக் ஃபைலில். பள்ளி ஆய்வகம் என்றால் முதலில் இதைத்தான் முயலச் சொல்வேன். இடறும் இடம் மெமரி. பிரவுசர் மாணவர் கணினியில் ஓடுவதால் 2 ஜிபிக்குக் குறைவான மெமரி உள்ள கணினிகளில் மனம் நோகும்.

தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய டிஆர்பிஎல், டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லாவின் உடன்பிறப்பு. சில கணினிகளில் டிஸ்க் இருக்கிறது, அவற்றில் ஒரே இமேஜை மொத்தமாக ஏற்றவும் வேண்டும் என்றால் இது கைகொடுக்கும். டிஸ்க் இல்லாத கணினி மட்டும் என்றால் எல்டிஎஸ்பியே இலகு.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டி கார்டு அடிக்கடி கெடுவதால் நெட்வொர்க் பூட் அங்கே பெரிய நிம்மதி. ஆனால் அது சாதாரண பிஎக்ஸ்இ அல்ல. சர்வரில் ஒவ்வொரு போர்டின் சீரியல் எண்ணில் ஃபோல்டர் தேடும். 3பி மாடலில் இதை இயக்க சிப்பில் ஒரு பிட்டை நிரந்தரமாக எழுத வேண்டும், திரும்ப அழிக்க முடியாது. 3பி பிளஸ்ஸில் அந்த வேலை இல்லை. 4-இல் பூட்லோடர் திரும்ப எழுதக்கூடிய ஈஈப்ரோமில் இருக்கிறது. வாங்கும் நிலையில் இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

சுவிட்சும் ரவுட்டரும்

மென்பொருளைக் குறை சொல்லும் முன் சுவிட்சைப் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ இயங்கும் சுவிட்சில், கணினி ஆன் ஆனதும் போர்ட் முதல் 30 நொடி எதையும் கடத்தாது. கேட்க 15, கற்க 15. பிஎக்ஸ்இ 4, 8, 16, 32 நொடி என்று காத்து நான்கு தடவை கேட்கும். அதைவிடப் பொறுமை குறைந்த ஃபர்ம்வேர்கள் 30 நொடிக்குள் கைவிட்டுவிடும். திரையில் பிஎக்ஸ்இ ஈ51 என்று வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. கணினி போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் போட்டதும் பல இடங்களில் தீர்ந்துவிடும். ஈ53 என்றால் முகவரி கிடைத்தது, ஃபைல் பெயர் கிடைக்கவில்லை. ஈ32 என்றால் டிஎஃப்டிபி திறக்கவில்லை, பெரும்பாலும் ஃபயர்வால்.

ரவுட்டர் ஏற்கெனவே டிஎச்சிபி கொடுக்கிறது, அதை நிறுத்த முடியாது என்றால் டிஎன்எஸ்மாஸ்க்கைப் பிராக்ஸி முறையில் ஓட்டுங்கள். வீட்டு எண்ணை ஒருவர் கொடுத்தார், சாவி இருக்கும் இடத்தை இன்னொருவர் சொன்னார் என்பதுபோல, ரவுட்டர் ஐபி முகவரி கொடுக்கும், டிஎன்எஸ்மாஸ்க் பூட் விவரம் மட்டும் சேர்க்கும். பழைய நெட்வொர்க்கில் எதையும் உடைக்காமல் ஒரு கணினியில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

காலை ஒன்பது மணிக்கு முப்பது கணினியும் ஒன்றாக ஆன் ஆகும். 60 எம்பி இனிட்ஆர்டி முப்பது பேருக்கு என்றால் 1,800 எம்பி. சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கேபிள் 100 மெகாபிட் என்றால் அதற்கே இரண்டரை நிமிடம். கிகாபிட் என்றால் 15 நொடி. மாணவர் பக்கம் 100 மெகாபிட் இருந்தாலும் பாதகமில்லை. சர்வர் பக்கம் மட்டும் கண்டிப்பாக கிகாபிட் போடுங்கள். யுபிஎஸ்ஸும் முதலில் சர்வருக்கும் சுவிட்சுக்கும்தான். அவை இரண்டும் ஒரு நொடி அணைந்தால் அறை முழுவதும் உறைந்துவிடும்.

டிஎஃப்டிபியில் யார் கேட்டாலும் ஃபைல் கிடைக்கும், சரிபார்ப்பே கிடையாது. என்எஃப்எஸ்ஸும் வழக்கமான அமைப்பில் கிளையன்ட் சொல்வதை நம்பும். எனவே ரூட்டைப் படிக்க மட்டும் கொடுங்கள், கடவுச்சொல் எதையும் பூட் ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள், ஆய்வக நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள்.

உரிமம்

இவற்றையெல்லாம் ‘பொதுவுடைமை மென்பொருள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். சட்டப்படி அப்படியல்ல. இந்தியாவில் எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அல்லது 2012 திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். நாம் பார்த்தவை பெரும்பாலும் உரிமையை விட்டுக்கொடுத்தவை அல்ல, நிபந்தனையோடு அனுமதி கொடுத்தவை. பிஎக்ஸ்இலினக்ஸும் ஐபிஎக்ஸ்இயும் ஜிபிஎல் 2, கிரப் ஜிபிஎல் 3, ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலையைச் செய்யும் பிஎக்ஸ்இபூட் என்ற லோடர் பிஎஸ்டி உரிமம்.

உங்கள் ஆய்வகத்துக்குள் எப்படித் திருத்தி ஓட்டினாலும் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. வெளியே கொடுக்கும்போதுதான் கடமை வருகிறது. பிஎஸ்டி உரிமத்தில் பெயரையும் நிபந்தனை வரிகளையும் அழிக்காமல் கொடுத்தால் போதும். ஜிபிஎல் 2-இல் பைனரியோடு மூல நிரலையும் கொடுக்க வேண்டும், அல்லது குறைந்தது மூன்று வருடம் கேட்பவருக்குத் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாத பைனரியைக் கொடுப்பது எளிதாக இருக்கட்டும் என்று ஐபிஎக்ஸ்இயின் பல பகுதிகளுக்கு யுபிடிஎல் என்ற உரிமமும் கூடுதலாக உண்டு. மாற்றிய பைனரிக்கு அது பொருந்தாது.

எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் ஞாபகம் வைத்திருப்பதைவிட அப்போதே கொடுத்துவிடுவது சுலபம். பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது உங்கள் அமைப்பைக் கேட்டு வந்தால், பென்டிரைவில் கம்பைல் செய்த ஃபைலோடு நீங்கள் பயன்படுத்திய அதே பதிப்பின் மூல நிரல், உங்கள் லோக்கல் ஃபோல்டர், பொதித்த ஸ்கிரிப்ட், கம்பைல் செய்யத் தட்டிய கட்டளை வரி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சர்வர் பெயர் மட்டும் அவர்கள் இடத்துக்கு மாற வேண்டியிருக்கும். அது எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள்.